கிளுவைப் போத்து

கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டு வந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, பனியனில் அச்சடிக்க இலை வரைவது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனி. ஆறு வருஷம் வரைந்தேன். நான் போட்ட இலை எந்த மரத்திலும் கிடையாது. நாலு நரம்புக்கு மேல் போட்டால் பிரிண்டிங்கில் மை அப்பிக்கொள்ளும் என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

ஜன்னலுக்கு வெளியே நொய்யல். பட்டறையில் அன்றைக்கு என்ன கலரோ அதுதான் தண்ணீரின் நிறம். 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அப்புறம் ஆர்டர் குறைந்தது; எனக்கும் கணக்கு முடித்துவிட்டார்கள். அந்த ஆற்றை வரையச் சொல்லி இப்போதும் சிலர் கேட்கிறார்கள். ஒன்றிரண்டு வரைந்தும் பார்த்தேன். எல்லாமே அழகாக வந்துவிட்டன. கிழித்துப் போட்டேன்.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு விட்டுப்போன கொறங்காடு இருக்கிறது. மாடு மேய கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக்கிளுவை வேலி. கோடையில் கிளுவையில் ஒரு இலை இருக்காது, வெறும் கோடாக நிற்கும். இரண்டு வருஷம் அந்த வேலியை மட்டும் கரியால் வரைந்தேன். சோற்றுக்குப் பள்ளிக்கூடச் சுவர், கல்யாண மேடை.

வரைந்தது போதவில்லை. அந்தக் கிளை கையில் கனக்க வேண்டும் என்று தோன்றியது. கோயம்புத்தூரில் பம்பு பாடி வார்க்கிற ஒரு பவுண்டரிக்குப் போனேன். அங்கே மோல்டிங் போடுகிற அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும். பம்புக்கு மரத்தில் பேட்டர்ன் செய்து, மண்ணில் பதித்து, உருவி எடுத்துவிடுவார்கள். முள்ளுக் கிளையை உருவ முடியாது. மண்ணுக்குள்ளேயே எரித்துச் சாம்பலாக்கி, ஊதித் தள்ளிவிட்டு, அந்தக் குழியில் இரும்பை ஊற்ற வேண்டும்.

மூன்று மாதம் காயவைத்த போத்துகளை, அதாவது வெட்டின கிளுவைக் கிளைகளை, கொண்டுபோனேன். அண்ணன் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார். உள்ளே பச்சை.

"தம்பி, இது இன்னும் சாகலீங்க."

எனக்குத் தெரியாததா? வேலி போடுவதே போத்து நட்டுத்தான். வெட்டிப் போட்ட கிளை மழை வாசம் பட்டால் துளிர்க்கும். ஆனால் கண்காட்சிக்கு இருபது நாள்தான் இருந்தது. ஒரு ராத்திரி சூட்டில் வெந்துவிடும் என்று அடம்பிடித்தேன். பாதி வேகாமல் கிடந்திருக்கிறது. 1,350 டிகிரி இரும்பு உள்ளே போனதும் மோல்டு குமுறி, ஊற்றின வாய் வழியே பொறி தெறித்தது. யாருக்கும் அடிபடவில்லை. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது நியாயம்தான்.

நொய்யல் கரையில் கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அகழாய்வில் உலைகள் கிடைத்தன. அவர்களிலும் எவனாவது அவசரப்பட்டுக் கெட்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

உடைத்துப் பார்த்தால் உடம்பெல்லாம் ப்ளோ ஹோல், ஆவி அடைத்துக்கொண்டதில் விழுந்த ஓட்டைகள். பம்பாக இருந்தால் அப்போதே ஸ்கிராப்புக்குப் போயிருக்கும். முள் மட்டும் ஒன்று விடாமல் வந்திருந்தது. அதற்கப்புறம் வருஷம் முழுக்கக் காயவைத்து, இரண்டு நாள் சூளையில் போட்டு, ஒன்பது வார்த்தேன். அண்ணன் நகத்தால் கீறிப் பார்க்காமல் ஒன்றைக்கூட மண்ணுக்குள் விடவில்லை. ஆறு விற்றது.

ஓட்டை விழுந்ததை யாரும் கேட்கவில்லை. கொறங்காட்டு வேலியில் ஒரு சந்து இருந்தது, அதில் நட்டுவிட்டேன். அம்மா அதில் ஆட்டுக்குட்டியைக் கட்டுகிறார். போன ஐப்பசி மழைக்குப் பக்கத்துப் போத்துகள் துளிர்த்தன, இது துருவேறிச் சிவந்தது. ஒரு ஓட்டையில் குளவி மண் அப்பிக் கூடு வைத்திருக்கிறது.

போட்டோவைப் பார்த்துவிட்டுச் சென்னையிலிருந்து ஒருவர் விலை கேட்டார். குளவி போகட்டுமுங்க, சொல்கிறேன் என்றேன். பேரம் பேசுகிறேன் என்று நினைத்து ஐயாயிரம் ஏற்றிச் சொன்னார்.