எந்த நேரு தெரு?

சென்னையில் வண்டி ரிப்பேராகி நிற்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எங்கே நிற்கிறது என்று இன்னொருவருக்குப் போனில் புரியவைப்பதற்குள்தான் உயிர் போகிறது.

ஆற்காடு சாலை பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகிற மெட்ரோ வழித்தடம் வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் என்று இந்தச் சாலையோடுதான் வருகிறது. மெட்ரோ வரட்டும், கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வேலை நடக்கிற இந்த வருஷங்களில் மெயின் ரோட்டு டிராஃபிக் மொத்தமும் பக்கத்துத் தெருக்களுக்குள் புகுந்துவிட்டது, அந்தத் தெருக்களோ ஒரு காரும் ஒரு ஆட்டோவும் எதிரெதிரே வந்தால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டிய அகலம். அம்புக்குறி போட்ட ஒரு தகரப் பலகை உள்ளே திரும்பச் சொல்லும், அப்புறம் அடுத்த திருப்பத்தில் எந்தப் பலகையும் இருக்காது. மேப் காட்டுகிற வழியில் போனால் முனையில் பள்ளம் தோண்டிக் கட்டை போட்டிருப்பார்கள்.

அப்படி உள்ளே போய் முதல் கியரிலேயே ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் டாஷ்போர்டில் சிவப்பு தெர்மாமீட்டர் விளக்கு எரிந்தது. வண்டியை ஒரு கேட் ஓரமாக ஒதுக்கி எஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் திறந்ததும் முகத்தில் அடித்த அனலிலேயே விஷயம் புரிந்துவிட்டது. ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. ஹைவேயில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும், அதனால் ஃபேன் போனது தெரியவே தெரியாது, ஊர்ந்து போகும்போதுதான் எஞ்சின் முழுக்க அந்த ஃபேனை நம்பி இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று ரேடியேட்டர் மூடியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், உள்ளே அழுத்தத்தில் கொதிக்கிற தண்ணீர் அப்படியே மேலே பீய்ச்சி அடிக்கும். அரை மணி நேரமாவது ஆற விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது வருகிற பல சின்ன கார்களில் வெப்பநிலை முள்ளே கிடையாது, வெறும் விளக்குதான். முள் இருந்தால் அது பாதியைத் தாண்டும்போதே ஒரு எச்சரிக்கை கிடைக்கும். விளக்கு எரிவதோ எல்லாம் கைமீறிய பிறகு. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிற வண்டியில் இதை மிச்சம் பிடிப்பது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

சரி, இன்சூரன்ஸோடு சேர்ந்து வருகிற சாலை உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த பெண் பொறுமையாகத்தான் பேசினார்.

"எந்த இடம் சார்?"

"நேரு தெரு, வளசரவாக்கம் பக்கம்."

"சிஸ்டத்துல நிறைய நேரு தெரு காட்டுது சார். எந்த நேரு தெரு?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் அப்படியே உள்ளே வந்தன. ஒவ்வொன்றிலும் ஏற்கெனவே ஒரு காந்தி தெரு, ஒரு நேரு தெரு, ஒரு பாரதியார் தெரு. தனித்தனி ஊர்களாக இருந்தவரை அதில் சிக்கல் இல்லை, ஒரே மாநகரம் ஆன பிறகும் பெயர்கள் அப்படியே நிற்கின்றன. இது போதாதென்று நகர்களுக்குள் முதல் குறுக்குத் தெரு, இரண்டாவது மெயின் ரோடு, பழைய எண், புதிய எண். நான் நின்ற இடத்தில் ஒரு வீட்டுச் சுவரில் இரண்டு எண்களும் இருந்தன, பழையது சுண்ணாம்பு அடித்துப் பாதி மறைந்து, புதியது நீலத் தகட்டில். பக்கத்து வீட்டில் பழைய எண் மட்டும்தான்.

லைவ் லொகேஷன் அனுப்ப வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அனுப்பினேன். புள்ளி பின்னால் இருந்த தெருவில் போய் விழுந்தது. அதுவே சரியாக விழுந்திருந்தாலும், காரைத் தூக்கி வைத்துக்கொண்டு போகிற லாரி இந்தத் தெருவுக்குள் திரும்புமா, எந்த முனை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் புள்ளிக்குத் தெரியாது. டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டு ராமாபுரம் பக்கம் நிற்பதாகச் சொன்னார்.

கடைசியில் காப்பாற்றியவர் எதிரே வேப்பமரத்தடியில் தள்ளுவண்டி போட்டிருந்த இஸ்திரிக்காரர். பெட்டியைக் கரி ஓரமாக வைத்துவிட்டு, "போனைக் குடு சார், நான் சொல்றேன்" என்று வாங்கினார். "அம்மன் கோயிலு தெரியுமா? அதைத் தாண்டி தண்ணி டேங்கு. டேங்குகிட்ட லெஃப்டு எடுக்காத, அங்க நோண்டி வெச்சிருக்கான். நேரா வந்து மாவு மில்லுக்கு ரைட்டு. அங்கயே நில்லு, உள்ள உன் வண்டி திரும்பாது, நாங்க தள்ளிக்கினு வரோம்." வழியும் சொல்லி, தள்ளுவதற்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரையும் கூப்பிட்டுவிட்டார். காசு நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார்.

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் முதலில் ஃபியூஸைப் பார்த்தார், ரிலேயை மாற்றிப் பார்த்தார், பிறகு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுத்தார். ஃபேன் அசையவில்லை. மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்துகிற கார்பன் துண்டு தேய்ந்து போயிருந்தது. அவர் சொன்ன ஒன்று எல்லோருக்கும் உதவும்: சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏசி காற்று வெதுவெதுப்பாக வந்து, வண்டி ஓட ஆரம்பித்ததும் குளிர்ந்தால் உடனே ஃபேனைச் சோதியுங்கள். பல வண்டிகளில் ஏசிக்கும் ரேடியேட்டருக்கும் அதே ஃபேன்தான்.

ஃபேனை மாற்றியாயிற்று. தெருவுக்கு என்ன செய்வது? எல்லாப் பெயரையும் மாற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை, மக்கள் ஆதாரிலும் பத்திரத்திலும் போட்டு வைத்திருக்கிற பெயர்கள் அவை. தெரு முனைதோறும் பலகையில் பெயரோடு பகுதி, வார்டு எண், பின்கோடு மூன்றும் தெளிவாக இருந்தாலே போதும். 600087 நேரு தெரு என்றால் வளசரவாக்கம், 600116 என்றால் போரூர், குழப்பமே இல்லை. டைவர்ஷன் பலகையில் அம்புக்குறியோடு அந்த வழி எங்கே போய்ச் சேரும் என்று ஒரு வரி. கார் நின்றால் பரவாயில்லை, நள்ளிரவில் நெஞ்சுவலி என்று 108ஐக் கூப்பிடுகிறவரிடமும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள், அப்போது இஸ்திரி வண்டி அங்கே இருக்காது. எங்கள் தெரு முனையில் பலகை கேட்டு மாநகராட்சியின் புகார் எண்ணான 1913ஐக் கூப்பிட்டுப் பதிவு செய்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் இல்லையென்றால் நீங்களும் ஒரு போன் போடுங்கள்.