கடலை மட்டும் சுருக்க: லிக்விட் ரீஸ்கேல் நிறுவிய அனுபவம்

பாம்பனில் கடல்பாசி எடுக்கும் அக்காக்களின் மகளிர் குழுவுக்கு ஒரு பேனர். படம் நான் எடுத்ததுதான். இடப்பக்கம் வல்லத்தில் விரல்களில் துணி சுற்றியபடி அக்காக்கள், வலப்பக்கம் புது ரயில் பாலம், நடுவில் வெறும் கடல். பேனர் அளவு 5 அடிக்கு 4 அடி, என் படமோ 3:2. ராமநாதபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படத்தைப் பக்கவாட்டில் நசுக்கி அடித்துவிட்டார்கள். "என்ன தம்பி, எங்களைப் பட்டினி போட்டு எடுத்த மாதிரி இருக்கு" என்றார் குழுத் தலைவி அக்கா. எனக்குப் பேச்சே வரவில்லை. ஓரத்தை வெட்டினால் அக்காக்களில் ஒருவர் போவார், இல்லையென்றால் பாலம் போகும். சுருங்க வேண்டியது நடுவில் கிடந்த கடல் மட்டும்.

அதற்கு வழி இருக்கிறது. 2007 சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் ஷாய் அவிடன், ஏரியல் ஷமிர் இருவரும் முன்வைத்த சீம் கார்விங். படத்தில் மேலிருந்து கீழாக, அதிக மாற்றமில்லாத பிக்சல்கள் வழியே வளைந்து செல்லும் ஒரு கோட்டைக் கண்டுபிடித்து உருவிவிடும். பிறகு அடுத்த கோடு, அதற்கடுத்தது. வானமும் கடலும் சுருங்கும், ஆட்கள் பெரும்பாலும் சுருங்க மாட்டார்கள். இதை மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரியாக எழுதித் தந்தவர் கார்லோ பால்டாஸி. லிக்விட் ரீஸ்கேல், சுருக்கமாக லிப்எல்க்யூஆர் அல்லது எல்க்யூஆர். இலவசம். கட்டளை தட்டிப் படங்களை மாற்றும் இமேஜ்மேஜிக் மென்பொருள் இதைத்தான் உள்ளே கூப்பிடுகிறது.

என் லேப்டாப்பில் ஓடும் ஓஎஸ் உபுண்டு. அதில் மென்பொருள் நிறுவித் தரும் ஏப்டி மூலம் இமேஜ்மேஜிக் போட்டாலே எல்க்யூஆர் சேர்ந்து வந்துவிடும். எனக்கும் ஏப்டி எந்தக் குறையும் சொல்லாமல் முடித்தது. இமேஜ்மேஜிக்கின் 'கன்வர்ட்' கட்டளையில் '-லிக்விட்-ரீஸ்கேல்' கொடுத்தால் மட்டும் 'டெலிகேட் லைப்ரரி சப்போர்ட் நாட் பில்ட்-இன், எல்க்யூஆர்' என்று நின்றது, அதாவது எல்க்யூஆர் சேர்க்காமல் கட்டியிருக்கிறதாம். நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன், அதே பதில். லிப்எல்க்யூஆரைத் தனியாகப் போட்டேன், அதுவும் ஏற்கெனவே இருக்கிறது என்றது.

லேப்டாப் செகண்ட்ஹேண்ட். உபுண்டு ஏற்றிக் கொடுத்தது டவுனில் ஒரு சர்வீஸ் சென்டர். பஸ் ஏறிப் போய்க் கேட்டேன். படத்தைக்கூடத் திறந்து பார்க்காமல், "ஓஎஸ் கரப்ட், மொத்தமா அழிச்சுப் போடணும், ஆயிரம் ரூபா ஆகும் சார்" என்றார் அங்கிருந்தவர். பிழைச் செய்தியைப் படித்துப் பாருங்கள் என்று திரையைத் திருப்பினேன். அதற்குள் அடுத்த கஸ்டமரிடம் போய்விட்டார். அரைநாள் வேலை போனதுதான் மிச்சம். அழிக்க ஒப்புக்கொள்ளாமல் திரும்பி வந்தது மட்டும் நல்ல முடிவு.

வீட்டில் வந்து, ஒரே பெயரில் எத்தனை கட்டளைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் 'டைப் -ஏ கன்வர்ட்' தட்டியதும் விஷயம் வெளிவந்தது. கன்வர்ட் இரண்டு இருந்தன. ஏப்டி போட்டது 'யூஎஸ்ஆர் பின்' அடைவில், இன்னொன்று 'யூஎஸ்ஆர் லோக்கல் பின்' அடைவில். அதே சர்வீஸ் சென்டர் ஆட்கள் எதற்காகவோ சோர்ஸிலிருந்து (மூல நிரலிலிருந்து) கட்டி, எல்க்யூஆர் இல்லாமலே போட்டு வைத்தது. கட்டளை தட்டும்போது லோக்கலில் இருப்பதுதான் முந்திக்கொள்ளும். சரி, முழுப் பாதையும் கொடுத்து ஏப்டியுடையதை ஓட்டினால்? அதே பிழை! இங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரிக் கோப்புகளை எடுக்கிறது என்று காட்டும் 'எல்டிடி' கட்டளை போட்டுப் பாருங்கள். ஏப்டி தந்த கன்வர்ட்டும் தனக்கான மேஜிக்கோர் என்ற லைப்ரரிக் கோப்பை லோக்கல் லிப் அடைவிலிருந்துதான் எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றே. லோக்கலில் இருந்த இமேஜ்மேஜிக் கோப்புகளை எல்லாம் நீக்கி, லைப்ரரிப் பட்டியலைப் புதுப்பிக்கும் 'எல்டிகான்ஃபிக்' ஓட்டிய பிறகு, 'கன்வர்ட் -வெர்ஷன்' காட்டும் டெலிகேட்ஸ் வரியில் எல்க்யூஆர் என்று வந்தது. அந்த மூன்றெழுத்தைப் பார்த்ததும் கத்தியே விட்டேன்.

சோர்ஸிலிருந்துதான் கட்டுவேன் என்பவர்களுக்கு ஒன்று. லைப்ரரி மட்டும் இருந்தால் போதாது, கட்டுவதற்குத் தேவையான கோப்புகள் உள்ள அதன் டெவ் பேக்கேஜும் வேண்டும். கட்டுவதற்கு முன் ஓட்டும் 'கான்ஃபிகர்' முடிவில் வரும் பட்டியலில் எல்க்யூஆர் வரியில் இரண்டு இடத்தில் பதில் இருக்கும். முதல் 'யெஸ்' நீங்கள் கேட்டது, கடைசியில் இருப்பதுதான் கிடைத்தது. முதலாவதை நம்பி, கட்டும் வேலையைத் தொடங்கும் 'மேக்' போடாதீர்கள்.

இனி படம். 72 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 72 புள்ளி) பேனர் 4320க்கு 3456 பிக்சல். என் படத்தை முதலில் 5184க்கு 3456 ஆகக் குறைத்துக்கொண்டேன். முழு அளவில் ஓட்டினால் பழைய லேப்டாப் திணறும். குறைய வேண்டியது 864 பிக்சல் அகலம். கட்டளையில் அளவுக்குப் பின்னால் ஆச்சரியக்குறி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் விகிதத்தைக் காப்பாற்றுகிறேன் என்று உயரத்தையும் குறைத்துவிடும்.

முதலில் வந்த படத்தில் அக்காக்கள் ஏறக்குறைய சரி. பாலம்தான் போச்சு. புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி தவிர மற்ற கண்கள் (தூணுக்குத் தூண் உள்ள இடைவெளிகள்) எல்லாம் 18.3 மீட்டர், ஒரே சீர். சாய்கோணத்தில் எடுத்த படமென்றாலும் அந்தச் சீர் கண்ணுக்குத் தெரியும். இதில் ஒரு கண் அகலம், அடுத்தது குறுகல். சாய்வாக ஓடும் மேல்தளம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தது. வெளியூர்க்காரர் கவனிக்காமல் போகலாம், பாம்பன் பிள்ளைகள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். நேர்கோடு என்ற ஒன்று இந்த முறைக்குத் தெரியாது. கட்டடம், பாலம், மிதவை மூங்கில் எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

'இந்த இடத்தைத் தொடாதே' என்று முகமூடி கொடுக்கும் வசதி லைப்ரரியில் உண்டு. இமேஜ்மேஜிக் கட்டளையில் அதற்கு வழியில்லை, கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் பிளகின் வழியாக லேயரில் தீட்டிக் கொடுக்கலாம். நான் அதைவிட எளிதாக ஒன்று செய்தேன். படத்தை மூன்று துண்டாக வெட்டினேன்: அக்காக்கள், கடல், பாலம். நடுத்துண்டை மட்டும் 2200 பிக்சலிலிருந்து 1336 ஆகச் சுருக்கி, பக்கவாட்டில் ஒட்டும் 'பிளஸ் அப்பெண்ட்' கொடுத்து மூன்றையும் ஒட்டினேன். உயரம் மாறாததால் அடிவானம் அப்படியே பொருந்திக்கொண்டது. ஒட்டிய இடம் அலைக்குள் மறைந்துவிட்டது. வெட்டும் கோடு வெறும் தண்ணீரில் விழ வேண்டும், அது மட்டும் முக்கியம். வெட்டியதும், துண்டு பழைய படத்தில் இருந்த இடக்கணக்கை அழிக்கும் 'பிளஸ் ரீபேஜ்' போட மறக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் நான் கறாராக இருக்கிறேன். புயலில் சேதமான படகின் படத்தை இழப்பீட்டு மனுவோடு வைக்கப் போகிறீர்களா? செய்திக்கு அனுப்பப் போகிறீர்களா? இதைத் தொடாதீர்கள். கரைக்கும் படகுக்கும் உள்ள தூரமே மாறிவிடும், மாறியது பார்ப்பவருக்குத் தெரியவும் தெரியாது. பேனர், அழைப்பிதழ், அட்டைப்படம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு இந்த முறை வேறு கடை. டிஃப் கோப்பாக, சரியான அளவில் கொடுத்து, "ஃபிட் போடாதீங்கண்ணே, அப்படியே அடிங்க" என்று பக்கத்திலேயே நின்று பிரிண்ட் எடுத்து வந்தேன். நீங்களும் நில்லுங்கள்.