காலண்டரில் 117 வட்டம்

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உரம் போடுகிறேன். நேரடியாகத் தோட்டத்து ஆள் இல்லை, குத்தகைக்காரரின் ஆள். விடியற்காலை ஐந்தரைக்கு வேன் வரும். ஏறினால் அன்றைய சம்பளம், ஏறாவிட்டால் இல்லை.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் மாதம் 1,500 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 1,700 ஆனது. வாரம் ஆறு நாள் வேலைக்கு, நாளுக்கு 57.69 இருந்தது 65.38 ஆக வேண்டும். எங்கள் சிலிப்பில் பிப்ரவரியிலும் 57.69, மார்ச்சிலும் 57.69. கேட்டேன்.

"தங்கச்சி, அஞ்சு ஆளுக்குக் கம்மியா வச்சிருந்தா ஆகஸ்ட் வரைக்கும் டைம் இருக்கு. எங்கிட்ட நாலு பேருதானே?" என்றார் குத்தகைக்காரர்.

அப்படி ஒரு சலுகை உண்மையிலேயே இருந்தது. சின்ன முதலாளிகளுக்கு ஆகஸ்ட் 1 முதல்தான் 1,700. அதைக் கேட்டுத்தான் நானும் பேசாமல் திரும்பினேன். ஆனால் வேனில் தினமும் நாங்கள் ஒன்பது பேர்! வங்காளதேசத் தம்பிகள் ஐந்து பேரை அவர் ஆளாகவே எண்ணவில்லை. நாங்கள் தூக்கும் அதே உர மூட்டையைத்தான் அவர்களும் தூக்குகிறார்கள். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் உள்ளூர் ஆள், வெளிநாட்டு ஆள் என்று பிரிப்பதில்லை. இது தெரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புகார் கொடுக்க, அதே வேனில் வரும் எதிர்வீட்டு அக்காவையும் கூப்பிட்டேன். "வேன்ல ஏத்தலன்னா புள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு என்னடி பண்ணுவேன்?" என்றார். அவர் பயம் நியாயமானது. நான் மட்டும் ஜூலை முதல் வாரம் தெலுக் இந்தானுக்குப் பஸ் ஏறினேன், தொழிலாளர் இலாகாவுக்கு.

புகார் கொடுக்கக் காசு எதுவும் கட்டவில்லை. வக்கீலும் வைக்கவில்லை. அதிகாரி ஒரு மலாய்க்கார அம்மா. ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சிலிப், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏப்ரலுக்குப் பிறகு சிலிப்பே இல்லையே, எத்தனை நாள் வேலை செய்தீர்கள்?" என்றார்.

பையிலிருந்து காலண்டரை எடுத்து விரித்தேன். மளிகைக்கடையில் கொடுத்த மாதக் காலண்டர், சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது. ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. வேலைக்குப் போன நாளுக்கு வட்டம், மழையால் வேலை நின்ற நாளுக்குப் பெருக்கல் குறி. கல்யாணமான நாளிலிருந்தே எனக்கு இந்தப் பழக்கம், அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா காலத்தில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) எழுதுவதுதான் கணக்கு, ஆனாலும் அவர் தன் கணக்கைத் தனியாக வைத்திருப்பார். அதிகாரி பேனா முனையை ஒவ்வொரு வட்டத்தின் மேலும் வைத்து, "சத்து, டுவா, தீகா" என்று எண்ணிக்கொண்டே போனார். பிப்ரவரி 22, மார்ச் 24, ஏப்ரல் 24, மே 25, ஜூன் 22. மொத்தம் 117 நாள். நாளுக்கு 7.69 குறைவு. 899 வெள்ளி 73 காசு.

அந்தத் தொகையைத் தாளில் பார்த்தபோதுதான் அழுகை வந்தது.

ஒன்பது பேர் என்பதற்கு ஆதாரம் வாட்ஸ்அப்பில் இருந்தது. பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முன்னால் யார் தோட்டத்தில் எந்த புளோக் என்று குத்தகைக்காரரே தினமும் குழுவில் பெயர் போடுவார். அதைப் படம் எடுத்து அச்சடித்துக் கொடுத்தேன்.

மறுவாரம் இரண்டு நாள் வேன் என் வீட்டு வாசலில் நிற்காமலே போனது. போன் செய்து சொன்னேன், அதிகாரி அதையும் ஃபைலில் எழுதிக்கொண்டார். மூன்றாம் நாள் வேன் நின்றது.

பேச்சுவார்த்தையில் முடியவில்லை. கேஸ் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனது. அதுவும் அதே இலாகாவில்தான் நடக்கிறது, மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குத்தகைக்காரர். முதல் தேதிக்கு அவர் வரவில்லை. இரண்டாம் தேதிக்கு வந்து, "மாசம் 200 வெள்ளி அலவன்ஸ் கொடுக்கிறேனே, சேர்த்தா 1,700 ஆயிடுச்சே" என்றார். அந்த அலவன்ஸ் போன வருஷத்திலிருந்தே இருக்கிறது. அடிப்படைச் சம்பளம்தான் 1,700-ஐத் தொட வேண்டும், அலவன்ஸ் அதற்கு மேலே என்று அதிகாரி விளக்கினார். குற்றம் நிரூபணமானால் ஓர் ஆளுக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் என்பதையும் சொன்னார். நான் தனி ஆள், ஆனால் வேனில் ஒன்பது பேர். குத்தகைக்காரர் வெகுநேரம் பேசவில்லை.

இரண்டு தவணையில் கட்ட ஒத்துக்கொண்டார், எழுதிக் கையெழுத்தும் ஆனது. பாக்கிச் சம்பளத்துக்கு உண்டான கேடபிள்யூஎஸ்பி (ஊழியர் சேமநிதி) பணத்தையும் கட்டச் சொன்னார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதிகாரியே எடுத்துச் சொன்னார். முதல் தவணை பேங்கில் விழுந்த அன்று பையனுக்குப் பள்ளிக் காலணி வாங்கினேன்.

இப்போது எதிர்வீட்டு அக்கா வருகிறேன் என்கிறார். அவரிடம் காலண்டர் இல்லை. பேங்க் கணக்கும் கேடபிள்யூஎஸ்பி கணக்கும் இருக்கின்றன, வாட்ஸ்அப் படங்களில் அவர் பெயரும் இருக்கிறது. திங்கட்கிழமை காலை ஏழரை பஸ்ஸுக்கு இருவரும் போகிறோம்.