போஸ்ட்கிரெஸ் 18: போட்ட லீவு வீண் போகவில்லை

பெங்களூரில் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) பயனர் மாநாட்டை முடித்துக்கொண்டு இப்போதுதான் ரயிலேறினேன். பதிப்பு 18-இல் வந்த அசின்க் ஐ/ஓ (டிஸ்கிலிருந்து தரவு வரும்வரை சும்மா காத்திராமல் வேலையைத் தொடர்வது) பற்றித்தான் ஆளாளுக்குப் பேசினார்கள், சரி, பெரிய விஷயம்தான், ஆனால் எனக்குப் பிடித்தது வேறு. பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு மாற்றித்தரும் பிஜி_அப்கிரேடு கருவி இப்போது, குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவெடுக்க உதவும் டேபிள் புள்ளிவிவரங்களையும் கூடவே கொண்டுவந்துவிடுகிறது. போன முறை அப்கிரேடு முடித்த கையோடு அந்தப் புள்ளிவிவரங்களைத் திரட்டும் அனலைஸ் கட்டளையை ஓட்ட மறந்து, காலை 9 மணிக்கு ஒவ்வொரு குவெரியும் முழு டேபிளையும் மேய, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். (பல காலம்களைச் சேர்த்துப் பார்க்கும் எக்ஸ்டெண்டட் புள்ளிவிவரம் மட்டும் வராது, அதற்கு இன்னும் அனலைஸ் ஓட்டத்தான் வேண்டும்.)

அப்புறம் ஸ்கிப் ஸ்கேன். கிளை, தேதி என்ற வரிசையில் இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அகராதி மாதிரி) போட்டுவிட்டு தேதியை மட்டும் வைத்துத் தேடினாலும் இனி அது கைகொடுக்கும், கிளைகள் கொஞ்சமாக இருந்தால். எங்களிடம் 11தான். திங்கட்கிழமை டெஸ்ட் சர்வரில் முதல் வேலை, தேதிக்கென்று தனியாகப் போட்டுவைத்த இண்டெக்ஸைத் தூக்கிப் பார்ப்பது.