பொறி கலங்கிய கதை

தலையில் பந்து பட்டால் எங்கள் ஊரில் இரண்டே வைத்தியம். வீங்கினால் நல்லது, உள்ளே ஒன்றும் இல்லை என்பார்கள். வீங்காவிட்டால் முகத்தில் சோடா அடிப்பார்கள். எனக்கு முதல் தடவை சோடா. 16 வயது, கார்க் பந்து, ஹெல்மெட் கிடையாது. பொறி கலங்கிவிட்டது. மிட்-விக்கெட்டில் நின்றவன் இரண்டு பேராகத் தெரிந்தான். "ஒண்ணும் இல்லடா" என்று சொல்லிவிட்டு ஆடினேன். அதன் பிறகு 20 ரன் அடித்தேனாம். எனக்கு ஒரு பந்துகூட ஞாபகமில்லை.

அடுத்த இரண்டும் சென்னையில், கீழ் டிவிஷன் லீக்கில். மேட்டிங் பிட்ச், பந்து எகிறும். 24 வயதில் ஹெல்மெட் கிரில்லில் ஒன்று வாங்கினேன். ஒன்பதே நாளில், தலைவலி தீருமுன்பே, இன்னொன்று. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். நார்மல். ஆனால் அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. அம்மா மிக்ஸி போட்டால் கத்துவேன். "இவனுக்குக் கோபம் ஜாஸ்தி ஆயிடுச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும். மூளை குலுங்கியது, அதாவது கன்கஷன், பெரும்பாலும் அதில் தெரியாது. தயிர்ச் சட்டியைப் பஞ்சில் சுற்றி வையுங்கள். சட்டி உடையாது, ஆனால் வேகமாகக் குலுக்கினால் தயிர் உடைந்துவிடும். ஹெல்மெட் அந்தப் பஞ்சுதான்.

2019 லார்ட்ஸ் டெஸ்டில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. பரிசோதித்தார்கள், தேறினார், திரும்ப வந்து 92 வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும். அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். டெஸ்டில் முதல் கன்கஷன் மாற்று ஆட்டக்காரர் அவர்தான். அத்தனை டாக்டர்கள் சுற்றி நின்றும் இப்படி. எங்கள் லீக்கில் சோடாக்காரர் மட்டும்தான்.

ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் வில் புகோவ்ஸ்கியை நினைத்தால்தான் வயிற்றைப் பிசைகிறது. 2021 சிட்னியில் இந்தியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட், முதல் இன்னிங்ஸில் 62. அதுவே கடைசி டெஸ்டும். பத்துக்கும் மேற்பட்ட தலையடிகள். 2025-ல், 27 வயதில், டாக்டர்கள் சொல்லி ஆட்டத்தையே விட்டார். கடைசி அடிக்குப் பிறகு வீட்டுக்குள் நடமாடுவதே சிரமமாக இருந்தது என்று சொன்னார்.

திரும்பத் திரும்ப அடி வாங்கிய சில மூளைகளில் டவ் என்ற புரதம் முறுக்கிக்கொண்டு படிகிறது. சி.டி.இ. என்கிறார்கள். மறதி, கோபம், மனச்சோர்வு எல்லாம் பல வருடம் கழித்து வரலாம். பெரிய அடிதான் வேண்டும் என்பதில்லை. இங்கிலாந்து கால்பந்து வீரர் ஜெஃப் ஆஸ்டில் தலையால் பந்தை முட்டி முட்டியே பேர் வாங்கியவர். 2002-ல் 59 வயதில் இறந்தபோது மரண விசாரணையில் அதைத் தொழில்நோய் என்றே எழுதினார்கள். அடி வாங்கிய எல்லோருக்கும் வருவதில்லை. எனக்கு இப்போது 43, பெயர்கள் மறக்கின்றன. தவணை கட்டுகிற எல்லோருக்கும் மறக்கிறது. சி.டி.இ. என்று உறுதி செய்ய மூளையை அறுத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அவசரமில்லை.

போன ஞாயிறு நெட்ஸில் என் பையனுக்கு ஹெல்மெட்டில் பட்டது. 12 வயது. ஓடிப் போய்க் கேட்டால், "ஒண்ணும் இல்லப்பா." அதே வார்த்தை, அதே அவசரம். எந்த கிரவுண்ட், போன மேட்சில் யார் ஜெயித்தது என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னான். ஆனால் சாயங்காலம் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். அவன் டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

மறுநாளே டாக்டரிடம் காட்டினோம். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுக்குக் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் மேட்ச் என்று வைத்திருக்கிறார்கள். நானும் அதையே வைத்தேன். கிட் பேக் பரணில். சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது என்று என்னோடு பேசுவதில்லை. தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு தாளின் மூலையிலும் இன்னும் எத்தனை நாள் என்று பென்சிலால் எண் எழுதி வைத்திருக்கிறான். இன்று காலை கிழித்தபோது 17 என்று இருந்தது.