வீட்டு ஆய்வகத்துக்குக் கடைத்தெருவே போதும்

பிள்ளைகளுக்காக வீட்டில் ஒரு சிறிய ஆய்வகம் அமைக்க விரும்பும் பெற்றோர் பலர் முதலில் தேடுவது, அழகான அட்டைப் பெட்டியில் அடைத்து விற்கப்படும் அறிவியல் தொகுப்புகளைத்தான். அவற்றில் இருக்கும் வண்ணப் பொடிகள் சில நாள்களில் தீர்ந்துவிடும். அளவுக் கோடுகள் கூடச் சரியாக அச்சிடப்படாத பிளாஸ்டிக் குவளைகள் மட்டும் மிஞ்சும். அந்தப் பணத்தைச் சரியாக அளக்கும் கருவிகளுக்கும் சூடு தாங்கும் கண்ணாடிக்கும் செலவிட்டுவிட்டு, மற்றவற்றை மருந்துக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் உறுதியான கருத்து.

மருந்துக் கடையிலிருந்தே தொடங்குகிறேன். பள்ளி ஆய்வகத்தில் திரவத்தை உறிஞ்சி அளந்தெடுக்கும் பிப்பெட் என்ற கண்ணாடிக் குழாய் செய்யும் வேலையை 5 மில்லி, 10 மில்லி சிரிஞ்சுகள் வீட்டில் நன்றாகவே செய்கின்றன. விலையும் மிகக் குறைவு. "அண்ணே, பிள்ளைகள் தண்ணீர் அளப்பதற்குத்தான், ஊசி வேண்டாம்" என்று பெரியவர்களே போய்க் கேட்டு வாங்குவது நல்லது. ஊசியோடு சேர்ந்த உறைதான் கிடைக்கிறது என்றால், பிள்ளைகளின் கையில் கொடுப்பதற்கு முன்பே ஊசியைக் கழற்றி அப்புறப்படுத்திவிட வேண்டும்.

அதே கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் டிரிப் செட்டைத்தான் நான் மிகச் சிறந்த கண்டுபிடிப்பாகக் கருதுகிறேன். நீண்ட மெல்லிய குழாய், சொட்டு விழுவதைப் பார்க்கக்கூடிய சிறு கூடு, விரலால் உருட்டினால் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் சக்கரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. முனையிலுள்ள ஊசியை அகற்றிவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் துளைத்து மறுமுனையைச் செருகி, பாட்டிலின் அடிப்பகுதியில் காற்றுக்காக ஒரு துளையிட்டுத் தலைகீழாகத் தொங்கவிட்டால் அது, திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் பியூரெட்டாகிவிடும். பொதுவாகக் கிடைக்கும் செட்டின் உறையில் 1 மில்லிக்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருப்பதால், சொட்டுகளை எண்ணியே அளவைக் கணக்கிடலாம்.

இதை வைத்து உண்மையான தரம்பார்த்தலே, அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதன் வலிமையை அளக்கும் சோதனையே செய்ய முடியும். பெட்டிக்கடையில் வாங்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, ஓர் இரவு தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் பிரித்தெடுத்தால் சுண்ணாம்புத் தெளிநீர் கிடைக்கும். அதில் 20 மில்லி எடுத்துச் சிறிது மஞ்சள் தூளைச் சேர்த்தால் கலவை செம்பழுப்பாக மாறும். பத்து மடங்கு நீர்த்த வினிகரை டிரிப் செட்டின் வழியாக ஒவ்வொரு சொட்டாக விட்டு, கலக்கிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் அந்தச் சிவப்பு விலகி மஞ்சள் திரும்பும். அதுவரை விழுந்த சொட்டுகளை எழுதிவைத்து, வேறொரு நிறுவனத்தின் வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ அதையே செய்து பார்த்தால், எதில் புளிப்பு அதிகம் என்பதை நாக்கின் துணையில்லாமல் எண்ணாகவே சொல்லிவிடலாம். மஞ்சளுக்குப் பதில் சங்குப்பூவை ஊறவைத்த நீரையும் பயன்படுத்தலாம்.

நகைத்தொழில் கருவிகள் விற்கும் கடைகளில் 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ஆனால் வாங்கியதும் நம்பிவிடவும் வேண்டாம். 2011 வரிசையில் வெளியான 5 ரூபாய் நாணயத்தின் எடை 6 கிராம், அதே வரிசையின் 2 ரூபாய் நாணயத்தின் எடை 4.85 கிராம். தேய்மானம் இல்லாத நாணயங்கள் சிலவற்றைச் சேர்த்து நிறுத்தால் தராசின் நேர்மை தெரிந்துவிடும். பிறகு 10 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் எடுத்து நிறுங்கள். நம் ஊர் வெப்பநிலையில் 9.96 கிராமுக்கு அருகில் காட்ட வேண்டும். டிரிப் செட்டிலிருந்து விழும் 100 சொட்டுகள் ஏறத்தாழ 5 கிராம் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடலாம். இப்படி ஒரு கருவியைக் கொண்டு மற்றொன்றைச் சோதிக்கும் வேலையையே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் ஆய்வாக வைத்துக்கொள்ளலாம்.

சூடாக்குவதற்கு மட்டும் சாதாரணக் கண்ணாடி டம்ளரையும் ஜாம் பாட்டிலையும் எடுக்கவே கூடாது. வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடி, சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரிவடைவதால், ஒரு பக்கம் மட்டும் சூடேறும்போது விரிசல் விட்டுத் தெறிக்கும். 100 மில்லி, 250 மில்லி முகவைகள் (பீக்கர்) இரண்டும் நான்கைந்து சோதனைக் குழாய்களும் போரோசிலிகேட்டில் வாங்கினால் பல ஆண்டுகள் வரும். சென்னையில் இருப்பவர்கள் பாரிமுனைப் பகுதியில் உள்ள அறிவியல் கருவிக் கடைகளில் கேட்கலாம். அங்கு வரும் சரக்கில் ஹரியானாவின் அம்பாலாவில் தயாரானவையும் உண்டு. மின்னழுத்தம், மின்னோட்டம் அளக்கும் மல்டிமீட்டர், பேட்டரிக் கூடு, எல்.இ.டி. விளக்குகள் போன்றவற்றுக்குச் சென்னையின் மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில், பள்ளிகளுக்கு ஆய்வகப் பொருள்கள் வழங்கும் கடை எது என்று வேதியியல் ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார்.

அந்தக் கடையிலேயே −10 முதல் 110 டிகிரி வரை காட்டும் சிவப்புத் திரவ வெப்பமானி ஒன்றும் வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 35 முதல் 42 டிகிரி வரைதான் காட்டும். பாதரசம் உள்ளது உடைந்தால் ஆபத்து. நொறுக்கிய பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த குவளையில் புதிய வெப்பமானி 0 காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கொதிநீரில் சோதிப்பவர்கள் ஊரின் உயரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சென்னையில் 100 டிகிரிக்குக் கொதிக்கும் தண்ணீர் கொடைக்கானலில் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் படிகாரம், வெங்காரம் (போராக்ஸ்), நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) எல்லாம் சிறு பொட்டலங்களாகவே கிடைக்கின்றன. படிகாரத்தில் படிகம் வளர்ப்பது பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை. மயில்துத்தம் நச்சு, அதன் நீலத்தில் மயங்கிச் சமையல் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது, மீதியைச் சாக்கடையிலோ குளத்திலோ ஊற்றவும் கூடாது, ஏனெனில் மிகக் குறைந்த அளவே மீன்களைக் கொன்றுவிடும். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பேட்டரி ஆசிட்டையும் வீட்டு ஆய்வுக்குக் கொண்டுவரவே வேண்டாம். வினிகரும் எலுமிச்சையும் புளியும் தரும் அமிலமே போதுமானது. வாகனப் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளலாம்.

வெல்டிங் பொருள்கள் விற்கும் ஹார்டுவேர் கடையில், பக்கவாட்டிலும் மூடிய, கண்ணில் அணியும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி கிடைக்கும். ஆய்வு செய்யும் பிள்ளைக்கு ஒன்று, பக்கத்தில் நிற்கும் பெரியவருக்கு ஒன்று என்று முகவை வாங்கும் நாளிலேயே இதையும் வாங்கிவிடுங்கள்.