பாறைக்குள் ஒரு மில்லிமீட்டர்

2024 ஜூன் 18, ஐதராபாத்

இன்றிலிருந்து எழுதி வைக்கப் போகிறேன். போன வருடம் செய்த வேலையில் எந்த எண்ணை எதற்காக மாற்றினேன் என்பது இப்போது நினைவில்லை. இந்த முறை அப்படி விடக் கூடாது.

மகாராஷ்டிராவின் கொய்னா அணையில் 1962 வாக்கில் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். 1967 டிசம்பர் 11 விடியற்காலை 4.21க்கு 6.3 அளவில் நிலநடுக்கம். இருநூறு பேர் வரை இறந்தார்கள். அணைத் தண்ணீர் தூண்டும் நிலநடுக்கம் என்று பேச்சு வந்தாலே உலகம் முழுக்க முதலில் சொல்வது கொய்னாவைத்தான். அதோடு நிற்கவும் இல்லை. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறுவதும் பிறகு இறங்குவதுமாக இருக்க, சுமார் 20க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள்ளேயே இன்றுவரை அதிர்ந்துகொண்டிருக்கிறது.

அங்கே மேலே இருப்பது தக்காண பசால்ட், எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. தடிமனான இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகம். அதன் கீழே கிரானைட்டும் நைசும், நம் ஊர்ப் பேச்சில் கருங்கல். நடுக்கங்கள் பெரும்பாலும் பிறப்பது அந்தக் கருங்கல்லில்தான். அதில் நுண்துளை இல்லையென்றே சொல்லிவிடலாம். தண்ணீர் உள்ளே போக விரிசலை விட்டால் வேறு வழி கிடையாது.

அந்த விரிசல்களில் தண்ணீர் இருக்கிறதா? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாதை இருக்கிறதா? அவற்றைக் கடந்து வரும் அதிர்வு அலையை வைத்தே இதைச் சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி. கணினியில் ஒரு பாறையைச் செய்து, அதில் விரிசல் போட்டு, தண்ணீர் நிரப்பி, அலையை அனுப்பிப் பார்க்க வேண்டும்.

முதல் தடை அளவு. 30 ஹெர்ட்ஸ் அலை கருங்கல்லில் விநாடிக்கு 6000 மீட்டர் போகும், அலைநீளம் 200 மீட்டர். விரிசலின் அகலமோ ஒரு மில்லிமீட்டர். கணினி பாறையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் கணக்கிடும், நான் போட்டிருக்கும் கட்டம் 4 மீட்டர். கட்டத்தையும் மில்லிமீட்டராக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டேன். 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் வெட்டுமுகத்தில் 9 லட்சம் கோடி கட்டங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்கள் வைத்தால் நினைவகம் மட்டும் 180 டெராபைட். கணினி நேரத்தையும் துண்டு துண்டாகத்தான் நகர்த்தும்; ஒரு விநாடி அலையைப் பார்க்க அப்படி 85 லட்சம் கால அடிகள். நடக்காது. வேறு வழி வேண்டும்.

ஜூன் 20

இன்று கணினி ஓட்டம் வெடித்துவிட்டது, எண்கள் கட்டுக்கடங்காமல் பெருகிப் போயின. கால அடி 0.5 மில்லிவிநாடி கொடுத்திருந்தேன். 4 மீட்டர் கட்டம், 6000 வேகம் என்றால் 0.47ஐத் தாண்டவே கூடாது. நேற்று இரவே இதைப் பார்த்திருக்க வேண்டும். 0.4 ஆக்கினேன், ஒழுங்காக ஓடுகிறது.

ஜூலை 9

நல்ல நாள்.

மில்லிமீட்டர் சிக்கலுக்கு 1980இல் மைக்கேல் ஷோன்பெர்க் கொடுத்த வழி எனக்கு எப்போதும் வியப்புத்தான். விரிசலை ஒரு படலமாக வரைய வேண்டாம், தடிமனே இல்லாத தளமாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார். அலை அதைக் கடக்கும்போது அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். நகர்வு மட்டும் ஒன்றல்ல: இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே ஒரு சின்னத் தாவல் இருக்கும். அழுத்தத்தை அந்தத் தாவலால் வகுத்தால் வருவது விரிசலின் விறைப்பு. செங்குத்தாக அமுக்கும்போது ஒரு விறைப்பு, பக்கவாட்டில் வழுக்கும்போது இன்னொரு விறைப்பு. இந்த இரண்டு எண்களை மட்டும் என் 4 மீட்டர் கட்டத்துக்குள் சொல்லிவிட்டால் போதும்.

சரிபார்ப்புக்கு ஒரே ஒரு விரிசல். இரண்டு விறைப்பும் மீட்டருக்கு 10 ஜிகாபாஸ்கல். பி அலை என்பது பாறையை முன்பின்னாக அமுக்கிக்கொண்டு போகும் அலை. சூத்திரப்படி, நேராக வந்து மோதும் 30 ஹெர்ட்ஸ் பி அலையின் வீச்சில் 15 சதவீதம் திரும்ப வேண்டும். என் கணினி நிரலும் 15 என்றே சொன்னது. 200 ஹெர்ட்ஸ் அலை வந்தால் 71 சதவீதம் திரும்பிவிடும். ஒரே விரிசல்தான், தாழ்ந்த சுருதிக்குக் கதவைத் திறந்து விடுகிறது, உயர்ந்த சுருதிக்குச் சாத்துகிறது.

அப்புறம் தண்ணீரை நிரப்பினேன். தண்ணீரின் பருமக் குணகம், அதாவது அமுக்குவதை அது எதிர்க்கும் அளவு, 2.2 ஜிகாபாஸ்கல். அதை ஒரு மில்லிமீட்டர் தடிமனால் வகுத்தால் மீட்டருக்கு 2200 ஜிகாபாஸ்கல். கல்லும் கல்லும் தொட்டுக்கொண்டிருப்பதால் வரும் விறைப்பு வெறும் 10. அதன் பக்கத்தில் 220 மடங்கு வலுவான தூணாகத் தண்ணீர் நிற்கிறது. மறுபடி பி அலையை அனுப்பினேன். திரும்பி வந்தது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பி அலையைப் பொறுத்தவரை அங்கே விரிசலே கிடையாது.

பாறையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டு போகும் எஸ் அலைக்கு எதுவும் மாறவில்லை. வறண்டபோது 9 சதவீதம் திரும்பியது, நனைந்த பிறகும் 9. தண்ணீரை அமுக்கினால் எதிர்க்கும், வழுக்கினால் எதிர்க்காது. தண்ணீருக்கு விறைப்புக் குணகம் சுழியம் என்று பள்ளியிலேயே படித்ததுதான். ஆனாலும் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எழுந்து கொஞ்ச நேரம் நடந்துவிட்டுத்தான் வந்து உட்கார்ந்தேன். எஸ் அலை விரிசலைக் காட்டிக்கொடுக்கிறது, பி அலை மறைக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் தண்ணீர் இருப்பது தெரிந்துவிடுகிறது.

ஜூலை 10

படங்களை என் ஆய்வு வழிகாட்டி சாரிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "சரிம்மா, அமுக்கும்போது அந்தத் தண்ணி எங்க போகும்?" என்று மட்டும் கேட்டார்.

எங்கும் போகாது. நான் விரிசலின் நான்கு பக்கமும் அடைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் தூண் மாதிரி நிற்கிறது. பக்கத்தில் இன்னொரு விரிசல் திறந்திருந்தால் அதற்குள் ஓடிவிடும், தூண் தளர்ந்துவிடும். நேற்று நான் கண்டது அடைபட்ட விரிசலின் கதை மட்டும். கொய்னாவுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான கதை.

ஜூலை 24

இரண்டு வாரமாக, விரிசலுக்குள்ளேயே ஓடும் அலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். தடிமன் இல்லாத தளத்தில் இந்த அலை வராது. தண்ணீர் விரிசலின் நீளவாக்கில் நகர இடம் கொடுத்தால்தான் வரும். சோவியத் நாட்டில் க்ரௌக்லிஸ் 1962இல் எழுதியிருக்கிறார், அதனால் க்ரௌக்லிஸ் அலை என்கிறார்கள்.

நடப்பது இதுதான். தண்ணீர் ஒரு இடத்தில் கூடினால் இருபக்கச் சுவரும் கொஞ்சம் விலகும். விலகிய சுவர் திரும்பி அமுக்கும். தண்ணீர் அடுத்த இடத்துக்குத் தள்ளப்படும். தண்ணீரின் கனமும் சுவரின் நெகிழ்வும் சேர்ந்து செய்கிற வேலை. ஒரு மில்லிமீட்டர் விரிசல், 30 ஹெர்ட்ஸ், பாகுநிலையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டேன். விநாடிக்கு 160 மீட்டர் வந்தது. தவறு என்று நினைத்து மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதேதான். கருங்கல்லில் பி அலை 6000, தனித் தண்ணீரில் ஒலி 1500, கல்லும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் 160. அதுவே ஒரு ஹெர்ட்ஸ் என்றால் 50தான். ரயிலைவிடக் கொஞ்சம் வேகம்.

வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதால் சின்ன விரிசலும் தாழ்ந்த சுருதியில் முனகும். 160 மீட்டர் வேகத்தில் 30 ஹெர்ட்ஸின் அலைநீளம் ஐந்தே மீட்டர் சொச்சம். எரிமலைகளின் கீழே பதிவாகும் நீண்ட, தாழ்ந்த அதிர்வுகளுக்கு பெர்னார்ட் ஷூவே 1986இல் இந்த வழியில்தான் விளக்கம் கொடுத்தார்: திரவம் நிறைந்த விரிசல் ஒன்று ஒத்ததிர்கிறது. இன்று முழுக்க இதிலேயே போய்விட்டது. என் ஆய்வுக்கு நேராகத் தேவையில்லைதான், ஆனாலும் வருத்தமில்லை.

ஆகஸ்ட் 6, கராட்

கோர், அதாவது துளையிட்டு எடுத்த கல் உருளைகள், பார்க்க வந்திருக்கிறோம். கொய்னா பகுதியில் ஒன்றரை கிலோமீட்டர் வரை ஒன்பது துளைகளும், கோதனே கிராமத்தில் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கு ஒரு முன்னோட்டத் துளையும் போட்டிருக்கிறார்கள். முன்னோட்டத் துளை 2017இல் முடிந்தது. எடுத்த கல் உருளைகளைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

ஒரு பெட்டியில் கரிய பசால்ட் முடிந்து வெளிர் சாம்பல் கருங்கல் தொடங்கும் இடம். விரல் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன் வெளியே கிடந்த தரை அது, அதன்மேல்தான் எரிமலைக் குழம்பு ஓடி மூடியது.

எனக்கு வேண்டியிருந்தது விரிசல்கள். மூன்று விதமாகப் பார்த்தேன். சிலவற்றில் கால்சைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமம் நிரம்பி கல்லோடு கல்லாக ஒட்டிவிட்டது. சில, நகம் நுழையாத கோடுகள். சில மட்டும் இரண்டாகப் பிரிந்து, முகம் மழுங்கி, பளபளவென்று வழுக்கிய தடம். கணினியில் நான் எல்லா விரிசலுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறேன். பெட்டிகளின் முன்னால் நின்றபோது அது எவ்வளவு தப்பு என்று தெரிந்தது. ஒரு உருளையில், படுத்த விரிசல் ஒன்றை நிமிர்ந்த விரிசல் ஒன்று குறுக்கே வெட்டிப் போகிறது. கை அகலம்தான் இருக்கும். அதை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, கராட்

காலையில் டீ குடிக்கப் போன இடத்தில், பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு போர் லாரி. டி.என். 34, திருச்செங்கோட்டு வண்டி. இந்தியாவில் எங்கே போனாலும் போர் போடுகிறவர்கள் நம் திருச்செங்கோட்டுக்காரர்கள்தான். மழைக்காலத்தில் வேலை குறைவு என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தமிழில் பேசியதும் டிரில்லர் அண்ணனுக்குச் சந்தோஷம். டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

"கல்லுக்குள்ள தண்ணி வர்றது உங்களுக்கு எப்படிங்கண்ணா தெரியும்?" என்று கேட்டேன்.

"வத்தக் கல்லா இருந்தா புகைதாங்க அம்மணி பறக்கும். வெடிப்பு வந்தா ஹேமர் சத்தம் மாறும். காது கேட்டுக்கும். அப்புறம் புகை நின்னு சேறு வரும்" என்றார்.

இரண்டு வெடிப்புக்கும் சேர்மானம் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "இங்க காத்து அடிச்சா பக்கத்துத் தோட்டத்துப் போர்ல தண்ணி கலங்கும்ங்க. அதுக்குத்தான் எத்தனையோ சண்டை."

நான் ஒரு வருடமாகக் கணினியில் தேடுவதற்கு அவர் வைத்திருக்கும் சோதனை இது. ஒன்றை அமுக்கு, இன்னொன்றில் என்ன நடக்கிறது என்று பார்.

செப்டம்பர் 17, ஐதராபாத்

விநாயகர் ஊர்வலம், ஹுசைன் சாகர் பக்கம் சாலை எல்லாம் அடைப்பு. லேபிலேயே இருந்துவிட்டேன்.

அந்தக் கோரில் பார்த்த குறுக்கு வெட்டைத்தான் செய்திருக்கிறேன். படுத்த விரிசல் ஒன்று, நிமிர்ந்த விரிசல் ஒன்று. இதற்கு ஷோன்பெர்க்கின் தளம் போதாது. மாரிஸ் பயோ 1956இல் எழுதிய சமன்பாடுகள் வேண்டும். கல்லின் நகர்வையும் தண்ணீரின் நகர்வையும் அவை தனித்தனியாக வைத்திருக்கும். அவற்றிலிருந்து இரண்டு பி அலைகள் வரும். இரண்டாவது மிக மெதுவானது. தாமஸ் ப்ளோனா 1980இல் கண்ணாடி மணிகளை உருக்கி ஒட்டி, நீரில் மூழ்கவைத்து, அதை நேரில் காட்டினார். அதிர்வு அலைகளின் தாழ்ந்த அதிர்வெண்ணில் அது அலையாகவே ஓடாது, அழுத்தமாகக் கசிந்து பரவும்.

மேலிருந்து வரும் அலை படுத்த விரிசலை அமுக்கும், நிமிர்ந்த விரிசலை அவ்வளவாகத் தொடாது. இரண்டும் விலகி இருந்தபோது ஜூலையில் பார்த்த அதே படம்: தண்ணீர் தூணாக நின்றது, பி அலை ஒன்றும் இல்லாததுபோல் கடந்தது. இரண்டையும் சேர்த்துவிட்டு ஓட்டினேன். அமுக்கும்போது தண்ணீர் நிமிர்ந்த விரிசலுக்குள் ஏறியது, விடும்போது இறங்கியது. தூண் தளர்ந்தது. பி அலை மறுபடி விரிசலை உணர்ந்தது. ஏறி இறங்கிய தண்ணீரின் உராய்வில் அலையின் சக்தி கரைந்து, வீச்சும் குறைந்தது. அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தண்ணீருக்கு ஓட நேரம் இருக்காது, மறுபடி தூணாகிவிடும். நடுவில் எங்கோ ஒரு அதிர்வெண்ணில்தான் கரைவது அதிகம்.

சாருக்குப் படத்தை அனுப்பினேன். "இப்ப தண்ணிக்குப் போக இடம் இருக்கு" என்று பதில் வந்தது.

செப்டம்பர் 19

நேற்றிரவு தூங்கவில்லை. ஒரு சின்னக் கணக்கு விடவில்லை.

அலையின் அரைச் சுற்றில் படுத்த விரிசலிலிருந்து நிமிர்ந்ததற்குத் தண்ணீர் அழுத்தம் பரவுகிறதே, அதே சமன்பாடுதான் அணையிலிருந்து ஆழத்துக்கு அழுத்தம் பரவுவதற்கும். எண் மட்டும் வேறு. பரவும் தூரம், விரவல் எண்ணையும் நேரத்தையும் பெருக்கி, அதன் நான்கு மடங்கின் வர்க்கமூலம். விரவல் எண் என்பது அழுத்தம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்று சொல்லும் எண்; அதை விநாடிக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தேன். 30 ஹெர்ட்ஸின் அரைச் சுற்று, அறுபதில் ஒரு விநாடி. தூரம் 26 சென்டிமீட்டர். அதே எண்ணோடு 100 நாள் விட்டால் 6 கிலோமீட்டர். மழை முடிந்து, அணை நிரம்பி, சில வாரங்களோ மாதங்களோ கழித்து நடுக்கங்கள் கூடுகிறதே, அந்த இடைவெளிக்கு ஏற்ற அளவுதான் இது.

அப்படியானால் அலையின் வீச்சு எந்த அதிர்வெண்ணில் அதிகம் கரைகிறது என்று அளந்தால், அழுத்தம் எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதற்கும் அதிலிருந்தே ஒரு பிடி கிடைக்கும். நேராக இல்லை. கை அகல விரிசலின் எண்ணும் ஒரு பள்ளத்தாக்கு முழுவதின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, நடுவில் கால்சைட் அடைத்த விரிசல்கள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் அடைபட்டது எத்தனை பங்கு, திறந்தது எத்தனை பங்கு என்று மாற்றி மாற்றி ஓட்டினால் அந்த இடைவெளி எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

கராடில் எடுத்த படங்களிலிருந்து குறுக்கு வெட்டுகளை எண்ணி, 12 மாதிரிகள் செய்து மாலையில் கணினியில் ஓட அனுப்பினேன். முதல் மாதிரியில் எல்லாம் திறந்தவை, கடைசியில் எல்லாம் அடைபட்டவை. கால அடியை இரண்டு முறை பார்த்துவிட்டேன், 0.4. முதல் நான்கு ஓடத் தொடங்கிவிட்டன.